வில்லி ஸ்டார்க்

வில்லி ஸ்டார்க், அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பென் வாரன் 1946இல் வெளியிட்ட 'ஆல் தி கிங்ஸ் மென்' நாவலின் மையப் பாத்திரம். பெயர் சொல்லப்படாத ஒரு தென் மாநிலத்தின் கவர்னர். அமெரிக்காவில் கவர்னர் நியமனத்தால் வருபவர் அல்லர். நம் முதலமைச்சர் போல, ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வருபவர். ஸ்டார்க் ஒரு குடியானவனின் மகன். பகலில் பண்ணை வேலை, இரவில் சட்டப் புத்தகம் என்று தானே படித்து வக்கீல் ஆனவன். அவன் கதையைச் சொல்பவன் அவனிடமே வேலை பார்க்கும் முன்னாள் பத்திரிகைக்காரன் ஜாக் பர்டன். லூயிசியானாவின் கவர்னராக இருந்த ஹியூயி லாங்கின் வரலாறுதான் பெயர் மாறி நாவலாகியிருக்கிறது என்று புத்தகம் வெளிவந்த நாள் முதல் சொல்லி வருகிறார்கள். இது பாதி உண்மைதான். ஸ்டார்க்கின் வெளிவாழ்க்கை லாங்கிடமிருந்து வந்தது. ஆனால் அவன் வாழ்வைத் தொடங்கி வைப்பதும் முடித்து வைப்பதும் இரண்டு கட்டடக் கான்ட்ராக்டுகள். அவை இரண்டும் வாரனின் கற்பனை. நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒற்றுமைகளைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. லாங் 1893இல் வின்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தவர். 1924இல் கவர்னர் தேர்தலில் தோற்று, 1928இல் வென்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் கொடுத்தார். அவர் பதவிக்கு வந்தபோது சுமார் 300 மைல் இருந்த தளமிட்ட சாலை, 1935க்குள் 2,000 மைலைத் தாண்டியது. எண்ணெய்க் கம்பெனிகள் மீது அவர் வரி போட முயன்றதை ஒட்டி, 1929இல் பதவி நீக்க விசாரணை வந்தது. எந்தச் சாட்சியம் வந்தாலும் தண்டிக்க ஓட்டளிக்க மாட்டோம் என்று மேலவை உறுப்பினர் 15 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, விசாரணை படுத்துவிட்டது. 1935 செப்டம்பர் 8 அன்று, பேட்டன் ரூஜில் அவரே கட்டுவித்த சட்டமன்ற மாளிகையில், கார்ல் வைஸ் என்ற டாக்டரோடு நடந்த மோதலில் குண்டுபட்டு இரண்டு நாளில் இறந்தார். ஸ்டார்க்கும் சாலை போடுகிறான், பதவி நீக்கத்திலிருந்து கையெழுத்து வாங்கித் தப்புகிறான், சட்டமன்ற மாளிகையில் ஒரு டாக்டரால் சுடப்பட்டுச் சாகிறான். வாரன் 1934 முதல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். லாங்கின் ஆட்சியை அதே பேட்டன் ரூஜில் இருந்து பார்த்தவர்.

இனி வேறுபாட்டைப் பார்க்கலாம். லாங் அரசியலில் ஏமாந்து பாடம் கற்றவர் அல்லர். 25 வயதிலேயே ரயில்வே ஆணையத்துக்குத் தேர்தலில் நின்று வென்றவர். முதல் நாளிலிருந்தே ஆட்டம் தெரிந்தவர். ஸ்டார்க் அப்படித் தொடங்கவில்லை. மேசன் சிட்டி என்ற ஊரில் அவன் கவுண்டிப் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பொருளாளராக இருக்கும்போது பள்ளிக்கூடம் கட்ட டெண்டர் விடுகிறார்கள். குறைந்த தொகை கேட்டவரை ஒதுக்கிவிட்டு, வேண்டியவருக்கு வேலையைக் கொடுக்கிறார்கள். செங்கல் மட்டமானது என்று ஸ்டார்க் ஊரெல்லாம் சொல்கிறான், கேட்பாரில்லை. அவன் பதவி போகிறது, மனைவி லூசியின் ஆசிரியை வேலையும் போகிறது. பிறகு ஒரு நாள் தீ விபத்து ஒத்திகையின்போது, பிள்ளைகள் நெருக்கியடித்து நின்ற வெளிப்படிக்கட்டு, உதிரும் செங்கலில் பிடிப்பில்லாமல் சுவரைவிட்டுப் பெயர்ந்து விழுகிறது. மூன்று குழந்தைகள் அங்கேயே இறக்கிறார்கள், பலர் ஊனமாகிறார்கள். அடக்கத்தின்போது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், நேர்மையானவனுக்கு எதிராக ஓட்டுப் போட்டதற்குக் கிடைத்த தண்டனை இது என்று கதறுகிறான். ஸ்டார்க்கின் அரசியல் செல்வாக்கு அந்தச் சாவு வீட்டில் பிறக்கிறது. லாங்கின் வரலாற்றில் இப்படி ஒன்று இல்லை.

அதன் பிறகு வருவது வேகமான ஏற்றம். நகரத்துக் கட்சிக்காரர்கள் அவனைக் கவர்னர் வேட்பாளராக நிறுத்துகிறார்கள். கிராமத்து ஓட்டைப் பிரிப்பதற்காகவே நிறுத்தினார்கள் என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிகிறது. தெரிந்ததும் புள்ளிவிவரம் நிறைந்த பேச்சுத்தாளை வீசிவிட்டு, தான் ஏமாந்த கதையை மேடையில் போட்டு உடைக்கிறான். அடுத்த தேர்தலில் ஜெயித்து வருபவன் வேறு மனிதன். எதிராளியின் பழைய குற்றங்களைத் தோண்டியெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆள்கிறான். ஊழலில் சிக்கிய கணக்குத் தணிக்கை அதிகாரியைப் பதவியிலேயே காப்பாற்றுகிறான். நேர்மையான அரசு வழக்கறிஞர் அதைப் பொறுக்காமல் விலகிப் போகிறார். நல்லதைச் செய்ய உலகில் கெட்டதைத் தவிர வேறு மூலப்பொருள் கிடையாது என்பது அவன் கொள்கை.

இரண்டாவது கான்ட்ராக்ட் இந்தக் கொள்கையைச் சோதிக்கிறது. ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றை ஸ்டார்க் கட்ட நினைக்கிறான். அதில் மட்டும் கமிஷன் காசு படக்கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறான். மகன் டாம் ஒரு பெண் விவகாரத்தில் மாட்ட, எதிரிகள் அதை வைத்து நெருக்குகிறார்கள். வேறு வழியில்லாமல், தான் வெறுக்கும் கான்ட்ராக்டருக்கே அந்த வேலையைக் கொடுக்கச் சம்மதிக்கிறான். பிறகு கால்பந்து ஆட்டத்தில் டாம் அடிபட்டு முடமாகிறான். அந்த அதிர்ச்சியில் ஸ்டார்க் கான்ட்ராக்டை ரத்து செய்கிறான். பணம் போன ஆத்திரத்தில் அவனுடைய சொந்தக் கட்சியின் டைனி டஃபி, ஆஸ்பத்திரி இயக்குநரான டாக்டர் ஆடம் ஸ்டான்டனிடம், அவன் தங்கை ஆனுக்கும் ஸ்டார்க்குக்கும் உள்ள உறவைப் போட்டுக் கொடுக்கிறான். தங்கையால்தான் தனக்கு இந்தப் பதவி வந்தது என்று நம்பி ஆடம் சுடுகிறான். கெட்டதிலிருந்து நல்லதைச் செய்தவரை ஸ்டார்க் பிழைத்திருந்தான். ஒரு காரியத்தைச் சுத்தமாகச் செய்யத் துணிந்ததும், அவன் வளர்த்துவிட்ட கூட்டமே அவனை முடித்தது. லாங்கின் மரணத்தில் பேசப்படும் காரணம் வேறு: வைஸின் மாமனாரான நீதிபதியின் பதவிக்கு லாங் வேட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நாவல் ஒரு சர்வாதிகாரிக்கு வக்காலத்து வாங்குகிறது என்று அன்றே சிலர் குற்றம் சாட்டினார்கள். அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஏமாந்த அப்பாவி என்ற தொடக்கத்தைக் கற்பனையாகக் கொடுத்ததும் வாசகனின் மனம் ஸ்டார்க்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அரசு ஊழியர் சம்பளத்தில் பிடித்தம் செய்து கட்சி நடத்திய லாங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அந்த அனுதாபத்துக்கு வாரன் விலையும் வைக்கிறார். ஸ்டார்க் சொன்னபடி நீதிபதி இர்வினின் பழைய லஞ்சத்தைத் தோண்டியெடுப்பவன் ஜாக். அதைக் காட்டி மிரட்டியதும் இர்வின் தற்கொலை செய்துகொள்கிறார். அவரே தன் தகப்பன் என்று ஜாக்குக்கு அதன் பிறகுதான் தெரிகிறது. வக்காலத்து வாங்குகிறவர் தன் கட்சிக்காரனுக்கு எதிராக இப்படிப்பட்ட சாட்சியைக் கூண்டில் ஏற்றமாட்டார். நியாயமான குறை வேறொன்று: அந்தக் காலத் தென் மாநிலத்தில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமை மறுக்கப்பட்டுக் கிடந்ததை, ஸ்டார்க்கின் மக்கள் செல்வாக்கைப் பேசும்போது நாவல் தொடுவதேயில்லை. ஏழைகளின் தலைவன் என்றால் எந்த ஏழைகள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நாவல் 1947இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1949இல் வந்த படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. ஸ்டார்க்காக நடித்த பிராடெரிக் கிராஃபோர்டு சிறந்த நடிகரானார். கார்லைல் ஃபிளாய்ட் 1981இல் இசைநாடகமாக்கினார். 2006 படத்தில் ஷான் பென் நடித்தார். லாங்கைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் வரலாற்றாசிரியர் டி. ஹாரி வில்லியம்ஸ் 1969இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படிக்கலாம். ஸ்டார்க்கை லாங்குக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது.