மலேசியாவில் பதினான்கு நாட்கள்: கொஸ்லந்தயிலிருந்து ஒரு பயணத் திட்டம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் சேர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து ஆசிரியரானவர். முதல் தடவையாக வெளிநாடு போகப் போகிறார். மனைவியோடு இரண்டு வாரம், மலேசியாவுக்கு. பயண முகவர் கொடுத்த தாளை என்னிடம் நீட்டி, "நீங்க வரலாறு படிப்பிக்கிறவர்தானே சேர், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, லங்காவித் தீவு, மற்ற நாளெல்லாம் கடைத்தெரு.

பார்க்கக் கூடாத இடங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சேரின் அப்பாயி சொல்லிக்கொண்டிருந்த கதை எனக்குத் தெரியும். திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன், தம்பி இரண்டு பேர். தம்பி மண்டபம் முகாம் வழியாகக் கண்டிச்சீமைக்கு வந்தார். அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. இப்படியொரு கதை உள்ள மனிதர் மலேசியாவுக்குப் போய்க் கடைத்தெருவை மட்டும் பார்த்துவிட்டு வரலாமா? வேறொரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காலநிலை. எங்களுக்கு லீவு டிசம்பரில். அந்த நேரம் மலேசியாவின் கிழக்குக் கரையில் பருவமழை கொட்டும், கடலும் கொந்தளிக்கும். ஆகவே மேற்குக் கரையோடு நிற்பது புத்தி. நம்மவர்கள் இறங்கிய துறைமுகங்களும் வேலை செய்த றப்பர் தோட்டங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

1 முதல் 3ஆம் நாள் வரை, கோலாலம்பூர். கோபுரத்தை ஒரு மாலையில் பார்த்துவிடலாம். ஒரு நாளைப் பிரிக்பீல்ட்ஸுக்கு வையுங்கள். ரயில்வே வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து போன குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் குடியிருந்த பகுதி அது. அவர்கள் கட்டிய கந்தசுவாமி கோயில் இன்றும் இருக்கிறது. ஆங்கிலம் படித்த இலங்கைத் தமிழர் மேசையில், தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள் தோட்டத்திலும் தண்டவாளத்திலும். நம் நாட்டில் இருந்த இடைவெளி அங்கேயும் கூடவே போயிருக்கிறது. பத்துமலையில் 272 படிகள் ஏற வேண்டும். 2006 இல் திறந்த பெரிய முருகன் சிலையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கோயில் அதைவிட நூறு வருடத்துக்கு மேல் பழையது. தைப்பூசம் 1892 முதல் நடக்கிறது.

4, 5ஆம் நாள், மலாக்கா. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். பழைய நகரில் நடக்கும் தூரத்துக்குள் 1748 இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781 இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில், சீனர் கோயில் மூன்றும் இருக்கின்றன. ஒல்லாந்தர் மலாக்காவை 1641 இல் பிடித்தார்கள், கொழும்பை 1656 இல். இரண்டு ஊரும் ஒரே கம்பனியின் கையில் இருந்ததால்தான் ஜாவா, மலாய் நாட்டுச் சிப்பாய்களும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தாரும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நமது ஊவாவில் இன்றும் வாழும் மலே குடும்பங்களின் மூதாதையர் வந்த கடல்வழி அது.

6, 7ஆம் நாள், கேமரன் மலை. தேயிலை, குளிர், மூடுபனி. "அதைத்தானே சேர் இங்கே தினமும் பார்க்கிறோம்" என்றார். பார்க்க வேண்டியதன் காரணமே அதுதான். அங்குள்ள போ தேயிலைத் தோட்டத்தை 1929 இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கியபோது கூட்டுச் சேர்த்தவர் ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலை நட்டுப் பழகிய துரை. நம் மலையின் அனுபவம் அங்கே போய் முளைத்தது. இன்று அங்கே கொழுந்து எடுப்பவர்களில் பலர் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள்.

8 முதல் 11ஆம் நாள் வரை, பினாங்கு. இந்தப் பயணத்தின் நடுவிடம் இதுதான். 1786 இல் ஆங்கிலேயர் அந்தத் தீவில் இறங்கிய கொஞ்ச காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து நம் மரைக்காயர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் 1801 இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் ஒரு வேளை தொழுங்கள். சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பேரில் ஒரு தர்கா இருக்கிறது. மத்தியானம் நாசி கண்டார் சாப்பிடுங்கள். சோற்றையும் கறியையும் காவுதடியில் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. 'கண்டார்' என்பதே அந்தக் காவுதடிதான். ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி: மலாயாவில் தமிழ் வகுப்பு முதலில் நடந்தது 1816 இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள்.

துறைமுகத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1926 முதல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிய 'ரஜுலா' கப்பல் வந்து நின்ற துறை அது. இறங்கியவர்களை நோய்த் தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்துத்தான் விட்டார்கள், நம்மவர்களை மண்டபத்தில் வைத்தது போல. அங்கும் கங்காணி, அங்கும் லயம், அங்கும் விடியற்காலைப் பெரட்டு.

ஒரு வித்தியாசம் இருந்தது. மலாயாவில் 1907 இல் தோட்டங்களிடம் பணம் வசூலித்து ஒரு நிதி தொடங்கினார்கள். கப்பல் செலவை அது ஏற்றது. இலங்கைக்கு வந்தவன் தலையில் கங்காணியின் கடன் ஏறியது. கடன் எழுதிய 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்துக்கு மாற முடியாது.

12ஆம் நாள், கெடா. நம் இலக்கியம் சொல்லும் கடாரம். பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்களைப் பார்க்கலாம். ஆனால் நான் தாளில் அடிக்கோடு போட்டது புக்கிட் சிடிம் தோட்டத்தை. சுற்றுலாக்காரர் யாரும் போகாத இடம்.

1957 இல் மலாயா சுதந்திரம் பெற்றதும் வெள்ளைக்காரக் கம்பனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். அந்தச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம்தான் புக்கிட் சிடிம். கூலியாக இறங்கியவனின் பிள்ளைகள் அதே மண்ணில் பங்கு வாங்கினார்கள்.

இங்கே என்ன நடந்தது? 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, மலையகத்தவர் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1975 இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992 இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. லயத்தில் இருந்தவர் லயத்திலேயே இருந்தார்.

அதன் விலை எவ்வளவு என்று கொஸ்லந்தக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29, காலை, மீரியபெத்த. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐம்பது வருடம் நிறைய ஒரு நாள் குறைவு. மலை சரியலாம் என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் வந்திருந்தது. "ஏன் எழும்பிப் போகவில்லை" என்று அப்போது தொலைக்காட்சியில் கேட்டார்கள். ஒரு பேர்ச்சஸ் காணியும் சொந்தமில்லாதவன் எங்கே எழும்பிப் போவான்?

மலேசியாவைச் சொர்க்கமாகக் காட்ட நான் வரவில்லை. ஜப்பானியர் காலத்தில் சயாம் - பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துப்போன தோட்டத் தமிழரில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1969க்குப் பிறகு வேலை அனுமதி இல்லாமல் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு கிழவரான பலர் இருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கம் காப்பாற்றியது சில தோட்டங்களை மட்டும்தான். மற்றவை வீடுகளாகவும் செம்பனையாகவும் மாறியபோது அங்கிருந்தவர்கள் நகர ஓரக் குடிசைகளுக்குப் போனார்கள். ஆனாலும் பத்து வெள்ளியில் காணி வாங்கலாம் என்று ஒருவர் யோசித்தார், தொழிலாளரும் நம்பிக் கட்டினார்கள். அந்த யோசனை நம் மலைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு சேர் திரும்பி வந்தால் போதும்.

13, 14ஆம் நாட்கள் ரயிலில் கோலாலம்பூர், கொஞ்சம் கடைத்தெரு, பிறகு வீடு.

சேர் தாளை இரண்டு தடவை வாசித்தார். "அங்கே தமிழ்ப் பள்ளி ஒன்றுக்குள்ளே போய் ஒரு பாடவேளை பின்வாங்கில் உட்கார விடுவாங்களா?" என்று கேட்டார். பெரியப்பா வழிப் பிள்ளைகளின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்களோ, யார் கண்டது என்றார். முன்கூட்டியே தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். கடிதம் இந்தக் கிழமை போகும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டிலும் மலாயாவுக்குப் போன ஒருவரின் கதை இருந்தால் எழுதி வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.