சலான் வந்த கதை

வங்கியில் குப்பை கொட்டும் என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு சலான் என்றால் ஒன்றே ஒன்றுதான். பணம் கட்ட வருகிறவர் கவுன்ட்டரில் நின்றபடி, நூல் கட்டிப் போட்ட பேனாவால் பூர்த்தி செய்கிற சீட்டு. அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் "சலான் கட் கயா" என்று ஆபீஸில் ஒருவர் சோகமாகச் சொன்னபோது, டெபாசிட் சீட்டு கிழிந்ததற்கா இவ்வளவு வருத்தம் என்றுதான் தோன்றியது. அவர் சொன்னது சிக்னலில் போலீஸ் கிழித்துக் கொடுத்த சீட்டை.

இரண்டும் ஒரே சொல்தான். இந்தியில் 'சல்னா' என்றால் நகர்வது, போவது (பரோட்டாவுக்கு ஊற்றுவது அல்ல :-)). ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பொருளை, பணத்தை, ஆளை அனுப்பும்போது கூடப் போகும் காகிதம் சலான். வட இந்திய போலீஸ் பாஷையில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. விசாரணை முடிந்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பும் குற்றப்பத்திரிகைக்கே பஞ்சாப், தில்லிப் பக்கம் சலான் என்றுதான் பேர்.

இந்த மூன்றாவது அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம்மில் பலர் டிராஃபிக் சலானை கரண்ட் பில் மாதிரி நினைக்கிறோம். வந்ததா, கட்டினோமா, முடிந்ததா. சட்டத்தின் கண்ணில் அது பில் இல்லை, "நீ இந்தத் தப்பு செய்தாய்" என்ற குற்றச்சாட்டு. தண்டிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்குத்தான்; போலீஸ்காரருக்கு இல்லை. அப்படியானால் ரோட்டில் நிற்க வைத்து எப்படிப் பணம் வாங்குகிறார்கள்? அதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

மோட்டார் வண்டிகளுக்கென்று இந்தியா முழுமைக்குமான முதல் சட்டம் 1914ல் வந்தது. அப்போது கார் என்பது ராஜாக்களும் துரைமாரும் வைத்திருந்த சமாச்சாரம். பஸ்ஸும் லாரியும் பெருகிய பிறகு 1939ல் விரிவான சட்டம் போட்டார்கள். இன்று நம் கையில் இருக்கும் பல பாதுகாப்புகள் அந்த 1939 சட்டத்திலேயே உண்டு. அவற்றின் வேர் இங்கிலாந்தில்.

அங்கே 1903ல் வந்த மோட்டார் கார் சட்டம் மணிக்கு 20 மைல் என்று வேகத்துக்கு எல்லை வைத்தது. போலீஸ்காரர்கள் வேலி மறைவில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்து வண்டிகளைப் பிடித்தார்கள். இதைச் சமாளிக்கவே 1905ல் கார்க்காரர்கள் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். சங்கத்தின் சைக்கிள் ஆட்கள் சாலையில் நின்று "முன்னால் போலீஸ் இருக்கு" என்று சைகை காட்டுவார்கள். 1910ல் கோர்ட் இது போலீஸ் வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லிவிட்டது. சங்கம் என்ன செய்தது தெரியுமோ? உறுப்பினர் வண்டி வந்தால் எங்கள் ஆள் சல்யூட் அடிப்பான்; அடிக்கவில்லை என்றால் ஜாக்கிரதை! சல்யூட் அடிக்காததற்காக யாரையும் ஜெயிலில் போட முடியாதே. நம்மூரில் எதிரே வரும் லாரிக்காரர் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவாரே, அதே பங்காளி உறவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு சாட்சி "இவர் வேகமாகப் போன மாதிரி இருந்தது" என்று சொல்வதை மட்டும் வைத்து 20 மைல் எல்லையைத் தாண்டினார் என்று தண்டிக்கக்கூடாது என அந்த 1903 சட்டமே சொல்லிவிட்டது. அந்த விதி கப்பல் ஏறி இங்கே வந்து, நம் 1988 சட்டத்தின் 183வது பிரிவில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சாட்சியின் அபிப்பிராயம் மட்டும் போதாது. வேகத்தை அளந்த கருவி வேண்டும்.

இதைவிட முக்கியமானது 209வது பிரிவு. வேகத்துக்கோ அபாயகரமாக ஓட்டியதற்கோ ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். சம்பவத்தின்போதே "உன் மேல் கேஸ் வரலாம்" என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் இடம், நேரம், குற்றம் குறிப்பிட்டு நோட்டீஸ் கொடுத்தோ பதிவுத் தபாலில் அனுப்பியோ இருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். பேரும் விலாசமும் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்பது போன்ற விலக்குகளும் உண்டு. இதுவும் 1930ன் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்ததுதான். எப்போதோ எங்கேயோ போனதை ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? சாட்சியை எங்கே தேடுவது? நியாயமான கவலை.

எங்கள் சொசைட்டியில் ஒரு தஞ்சாவூர்க்காரர் இருக்கிறார். வண்டி இன்னும் ஊர்ப் பதிவு எண்ணில்தான் ஓடுகிறது. ஒருநாள் பாபநாசத்திலிருந்து அவருடைய அப்பா போன். "டேய், கோர்ட்லேர்ந்து கடுதாசி வந்திருக்குடா. என்னடா பண்ணினே?" பெரியவர் ரிட்டயர்டு வாத்தியார். அன்று ராத்திரி தூங்கவே இல்லையாம். பார்த்தால், வேறொரு மாநிலத்தில் நெடுஞ்சாலையில் வேகமாகப் போனதாக ஐந்து மாதம் முந்தைய கேஸ். அதுவரை ஒரு நோட்டீஸும் வரவில்லை. வக்கீலிடம் கேட்டார். 209ஐச் சொல்லி வாதாடலாம், ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் இரண்டு மூன்று வாய்தாவாவது ஆகும் என்றார். ரயில் செலவு, லீவு, வக்கீல் ஃபீஸ் எல்லாம் கூட்டினால் அபராதத்தைப் போல ஏழெட்டு மடங்கு. மனுஷர் கட்டிவிட்டார். அப்பாவுக்கு "கேஸ் முடிஞ்சிடுச்சுப்பா" என்று சொன்ன பிறகுதான் அங்கே நிம்மதி.

அவர் கட்டிய விதத்துக்கும் சட்டத்தில் ஒரு பழைய பாதை இருக்கிறது. 208வது பிரிவு. சிறிய குற்றங்களுக்கு கோர்ட் அனுப்பும் சம்மனிலேயே இரண்டு வழி சொல்லியிருக்க வேண்டும். நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகலாம். அல்லது குறிப்பிட்ட தேதிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் சொன்ன தொகையை மணியார்டரில் அனுப்பலாம். ஒப்புதலை மணியார்டர் கூப்பனிலேயே எழுதிவிடலாம் என்கிறது சட்டம்! "இங்கு நலம், அங்கு நலமா" எழுதுகிற அந்தச் சின்ன இடத்தில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்". 1939 சட்டத்திலும் தபால் வழியே ஒப்புக்கொள்ளும் இந்த ஏற்பாடு இருந்தது. இதில் ஒரு லாபமும் உண்டு. இப்படிக் கட்டியவர் மேல் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு நடவடிக்கை கூடாது. ஒப்புக்கொண்டதைக் காரணம் காட்டி லைசென்ஸைத் தகுதிநீக்கம் செய்யவும் கூடாது.

ரோட்டில் கட்டும் பணம் வேறு கணக்கு. அதை அபராதம் என்று நாம் சொன்னாலும் சட்டப்படி அது இணக்கக் கட்டணம், காம்பவுண்டிங். 200வது பிரிவின்படி மாநில அரசு அறிவித்த அதிகாரி, அறிவித்த தொகையை வாங்கிக்கொண்டு கேஸை அங்கேயே முடிக்கலாம். கட்டுவது நம் இஷ்டம். "நான் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது (கோபிப்பார்கள், அது வேறு). லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். அதில் போட்ட தேதி வரை அந்தச் சீட்டை வைத்தே வண்டி ஓட்டலாம். ரசீது இல்லாமல் கை மாறும் நோட்டு இந்த எந்தப் பிரிவிலும் வராது.

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைச் சொல்லி ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். ஆம் என்றால் அபராதம். இல்லை என்றால் விசாரணை. போலீஸ் சாட்சி வரவேண்டும், அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் சும்மா வீம்புக்கு மறுப்பதில் பிரயோஜனம் இல்லை. சிவப்பு விளக்கில் போனது போட்டோவில் தெளிவாக இருக்கிறது என்றால் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதே மேல். வேறு யாரோ நம் நம்பரைப் போட்டு ஓட்டியது, விற்ற வண்டிக்கு வந்த சலான், ஒரே சம்பவத்துக்கு இரண்டு சலான், இவைதான் சண்டை போடத் தகுந்தவை.

தொகை சின்னதாக இருந்தவரை யாரும் இதையெல்லாம் யோசிக்கவில்லை. 1988 சட்டத்தின் பொதுக் குற்றத்துக்கு 100 ரூபாய், மறுபடி செய்தால் 300. முப்பது வருஷம் அப்படியே இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் அது 500, 1500 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 என்பது 5000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 வரை. ஹெல்மெட் இல்லையென்றால் 1000, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதிநீக்கம். மாநிலங்கள் பதறின. குஜராத் அதே மாதம் ஹெல்மெட் தொகையை 500 ஆகக் குறைத்தது. தமிழ்நாடு புதிய தொகைகளை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அடுத்து வந்தது கேமரா. 2021 ஆகஸ்டில் சேர்த்த விதிப்படி, கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், போட்டோ ஆதாரமும் வேண்டும். தில்லி, ஃபரிதாபாத் என்று ஆரம்பித்து மெய்நிகர் நீதிமன்றங்களும் வந்துவிட்டன. வண்டி நம்பரையோ சலான் நம்பரையோ போட்டால் நீதிபதி நிர்ணயித்த தொகை திரையில் தெரியும். கட்டலாம், அல்லது எதிர்க்கிறேன் என்று தெரிவித்தால் கேஸ் அந்த எல்லைக்குட்பட்ட வழக்கமான கோர்ட்டுக்குப் போய்விடும். எதிர்க்க நினைப்பவர் அவசரத்தில் கட்டும் பொத்தானை அமுக்கிவிடக்கூடாது. கட்டினால் ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம்.

வாட்ஸப்பில் சலான் என்று வரும் ஏபிகே ஃபைலை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதைத் திறந்துவிட்டு கணக்கு காலியாகி வங்கிக்கு ஓடி வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேரம் பேச ஓர் இடம் உண்டென்றால் அது லோக் அதாலத். முதல் லோக் அதாலத் கூடியது இதே குஜராத்தில், ஜுனாகத்தில், 1982 மார்ச் 14. 1987ன் சட்டப் பணிகள் சட்டம் அதற்கு அந்தஸ்து கொடுத்தது. தேங்கிய சலான்களைப் பல ஊர்களில் அங்கே குறைந்த தொகைக்கு முடிக்கிறார்கள். கோர்ட் ஃபீஸ் இல்லை. ஆனால் அங்கே முடிந்தது முடிந்ததுதான், அப்பீல் கிடையாது.

பழைய சலானுக்குக் காலக்கெடுவும் இருக்கிறது. வெறும் அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை, ஆறு மாதம் கழித்து கோர்ட் விசாரணைக்கு எடுக்கக்கூடாது என்பது 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பிச் சும்மா உட்கார முடியாது. உத்தரப் பிரதேசம் 2023ல், 2017 முதல் 2021 வரை தேங்கிக் கிடந்த சலான் வழக்குகளை மொத்தமாகவே கைவிட்டது. ஒழுங்காகக் கட்டியவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

மாற்றலில் அலையும் நம் மாதிரி ஆட்களுக்கு இன்னொன்று. நோட்டீஸ் போவது ஆர்.சி.யில் உள்ள விலாசத்துக்கு. வீடு மாறினால் 30 நாளுக்குள் விலாசத்தை மாற்றச் சொல்கிறது சட்டம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவும் செய்ய வேண்டும். தஞ்சாவூர்க்காரர் இப்போது அதற்குத்தான் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தடையில்லாச் சான்று கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்.