ஆட்டுத் தீவனத்தில் ஆரம்பித்த கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிற அம்மா, வந்ததும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து "திகுதிகுன்னு எரியுதுடா" என்பார். மாதவிடாய் நிற்கும் வயது. "ஹார்மோன் மாத்திரை வேணாம், கேன்சர் வரும். சோயா சாப்பிடு, செடிதானே" என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னதால் எங்கள் வீட்டில் தினமும் மீல்மேக்கர்! இந்தப் பயமும் நம்பிக்கையும் எங்கிருந்து வந்தன என்று தேடினேன்.

1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற தீவனச் செடியை மேய்ந்த செம்மறி ஆடுகளுக்குச் சினை பிடிக்கவில்லை. பென்னெட்ஸ் குழுவினர் 1946-ல் இதைப் பற்றி எழுதினார்கள். செடியிலிருந்த ஐசோஃபிளேவோன்கள் ஆட்டின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்திருக்கின்றன. சோயாவில் இருப்பதும் அதே வகைதான். (பயப்படாதீர்கள், ஆடு நாள் முழுக்க அதையே மேய்ந்தது.) செடி என்றாலே சாது என்று சொல்ல முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

மாத்திரையின் கதை வேறு. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரீமரின் 1942-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966-ல் டாக்டர் ராபர்ட் வில்சன், மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய் என்று புத்தகம் எழுத, விற்பனை எகிறியது. 1975-ல் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபத்து தெரிந்தது. அதைத் தடுக்க இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

2002 ஜூலையில்தான் பெரிய அடி. 16,608 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று உலகமெங்கும் செய்தி. அதையே வேறு மாதிரி சொன்னால், 10,000 பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் கூடுதலாக 8 பேர். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதை யார் கவனித்தார்கள்? அறுபதுக்குள், மாதவிடாய் நின்ற பத்து வருடத்துக்குள் தொடங்குகிற பெரும்பாலோருக்கு ஆபத்தைவிடப் பலன் அதிகம் என்று பின்னால் வந்த அலசல்கள் சொல்லின. பயம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. சோயா மாத்திரைக்கு மார்க்கெட் கிடைத்தது.

சோயா எரிச்சலைக் குறைக்கிறதா? 2013-ல் காக்ரேன் அமைப்பு 43 ஆய்வுகளை அலசியது. உறுதியான ஆதாரம் இல்லை. ஜெனிஸ்டீன் அதிகமுள்ள மாத்திரைகள் கொஞ்சம் உதவலாம், அவ்வளவே.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப மீல்மேக்கர் வேணாமா?" என்றார். குழம்புக்கு நல்லதும்மா, எரிச்சலுக்கு டாக்டரைக் கேட்போம் என்றேன். அடுத்த வார லீவில் போகிறோம்.