அரை டன் சுமையும் ஒரு கிழவரும்

அம்பத்தூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது அறுபத்தேழு. ஊரில் ஓ.சி.எஃப். என்று சொல்வார்களே, ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலை, அங்கே தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1961-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை மேற்குப் புறநகரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மனிதர் வீட்டில் இருக்க மாட்டார். புறநகர் ரயிலைப் பிடித்துத் திருத்தணி போய், முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். அது அவருக்கு வார்ம்-அப். இன்னும் கொஞ்சம் தெம்பு இருந்தால் சோளிங்கர். வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளியங்கிரி.

அவருடைய பையை நீங்கள் பார்க்க வேண்டும். கடையில் வாங்கியதல்ல, சொந்தத் தையல். கேன்வாஸ் துணி, எங்கும் இரட்டைத் தையல், தோளில் படுகிற பட்டைக்குள் பழைய கம்பளியை மடித்து வைத்திருக்கிறார். உள்ளே டார்ச், தார்ப்பாய்த் துண்டு, போர்வை, ஃப்ளாஸ்க், குளுக்கோஸ், புளியோதரைப் பொட்டலம், ஊசி நூல், ஒரு விசில். மளிகைக்கடைத் தராசில் நிறுத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

"எட்டு கிலோ தம்பி. கூடிச்சுன்னா எதையாவது எடுத்து வெச்சுடுவேன்."

போன மாதம் அவர் மகன் என்னிடம் வந்தார். "முட்டி தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்களாவது சொல்லிப் பாருங்க."

போனேன். சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் வேறொரு கிழவரின் கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் வில்லியம் லாம்டன். யார்க்‌ஷயரில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். சூரிய கிரகணத்தைப் பாதுகாப்பில்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை போனது. பதவி உயர்வைக் காசு கொடுத்து வாங்குகிற காலம் அது. இவரிடம் காசில்லை. ஐம்பதை நெருங்கும் வயதிலும் சாதாரண அதிகாரியாகத்தான் இந்தியாவில் இருந்தார்.

1799. திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போர். நள்ளிரவில் ஒரு படைப்பிரிவு நடந்துகொண்டிருக்கிறது. லாம்டன் அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்தார். "நாம் நம் முகாமுக்குப் போகவில்லை, எதிரியின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம்" என்றார். ஜெனரல் பேர்டு முதலில் நம்பவில்லை. சரிபார்த்தால், லாம்டன் சொன்னதுதான் சரி! ஒற்றைக் கண் மனிதர் ஒரு படையையே திருப்பிக் கொண்டுவந்தார்.

போர் முடிந்ததும் அவர் ஒரு யோசனை சொன்னார். தென்னிந்தியாவைக் குறுக்கும் நெடுக்கும் துல்லியமாக அளக்க வேண்டும். வரைபடம் மட்டுமல்ல, பூமி உருண்டையின் வடிவத்தையே அதில் கணக்கிட்டுவிடலாம். கம்பெனிக்கு வரைபடத்தில்தான் ஆசை. நிலம் தெரிந்தால்தானே வரி வசூலிக்க முடியும்? அனுமதி கிடைத்தது.

இனி அவருடைய மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சங்கிலி. நூறு அடி நீளம், எஃகில் செய்தது, நாற்பது கண்ணிகள். சீனச் சக்கரவர்த்திக்கு மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன சாமான்களில் ஒன்று. சக்கரவர்த்திக்கு அதில் நாட்டமில்லை. கைமாறி, கடைசியில் லாம்டனிடம் வந்தது. அடுத்தது தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி. லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை அரை டன்! அதை ஏற்றி வந்த கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். திறந்து பார்த்தவர்கள், இது விஞ்ஞானச் சாமான் என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். எதிரிக்கும் நாகரிகம் இருந்த காலம்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலையின் அடிவாரம். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் நேர்கோட்டை அந்தச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார்கள். சுமார் நானூறு தடவை சங்கிலியைப் போட்டு எடுக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல், மே வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் எஃகு நீளும். வெப்பத்தை ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் தப்பாகக் கணித்தால்கூட ஏழரை மைலில் கிட்டத்தட்ட அரை அடி உதைக்கும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் வைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளையும் வைத்து, மேலே கூடாரம் போட்டார்கள். அளந்தவர்கள் வெயிலில், சங்கிலி நிழலில்!

ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்துவிட்டது. அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்து மலையுச்சி ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம். அதன்மேல் இன்னொன்று. மலைக்கு மலை தாவிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

நான் பி.காம். எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. பேரேடு எழுதி முடித்ததும் இருப்பாய்வு போட்டுப் பார்ப்போம் இல்லையா? லாம்டனும் போட்டார். முக்கோணங்கள் பெங்களூரை எட்டியதும், 1804-ல் அங்கே புதிதாக ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். கணக்கில் வந்த நீளத்துக்கும் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நாலு அங்குலம்கூட இல்லை. இதைவிட மோசமான இருப்பாய்வுகளுக்கெல்லாம் ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மலை இல்லாத தஞ்சாவூர் சமவெளியில் கோயில் கோபுரங்கள்தான் மலை. 1808-ல் பெரிய கோயில் விமானத்தில் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. அரை டன் கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறு ஆளாக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, வளைந்துபோன வட்டத்தை ஆறு வாரம் தட்டித் தட்டிச் சீராக்கினார். அடுத்த வருஷம் கன்னியாகுமரிப் பக்கம் போய்விட்டார்.

அப்புறம் வடக்கு. மழைக்காலத்தில்தான் காற்றில் புழுதி அடங்கி, தூரத்து மலை தெரியும். காய்ச்சல் வருவதும் அதே மழைக்காலத்தில்தான். 1818-ல் இந்த வேலைக்கு 'மாபெரும் முக்கோணவியல் அளவை' என்ற பெயர் வந்தபோது அவருக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. 1823 ஜனவரியில், எழுபதை ஒட்டிய வயதில், நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் கூடாரத்திலேயே இறந்தார். கல்லறை அங்கேதான் இருக்கிறது.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற உதவியாளர் பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1843-ல் எவரெஸ்ட் ஓய்வு பெற்றார். 1852-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி, 'சிகரம் 15' என்று எண் மட்டும் போட்டிருந்த மலைதான் உலகத்திலேயே உயரமானது என்று கணக்கிட்டுச் சொன்னார். 1865-ல் அதற்கு வைத்த பெயர் சிக்தாருடையதும் இல்லை, லாம்டனுடையதும் இல்லை.

கதையை முடித்தேன். "பாருங்க, எழுபது வயசிலும் அரை டன்னோட மலை ஏறியிருக்கார்" என்றேன். அட, தடுக்கப் போனவன் உற்சாகப்படுத்திவிட்டேனே!

பெரியவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார். "அந்த அரை டன்ல அவர் தூக்கினது எவ்வளவு தம்பி?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"தூக்கினவங்க யாரு? பேரு இருக்கா?"

ஒரு பெயர் ஞாபகம் வந்தது. ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மிர் மொஹ்சின் ஹுசைன். பின்னாளில் அதே அளவைத் துறையில் கணிதக் கருவிகள் செய்யும் பொறுப்புக்கு உயர்ந்தவர். நம் பூந்தமல்லியைத் தாண்டி நேரே மேற்கே போனால் அவர் ஊர். ஆனால் அவர் கருவி செய்தவர், சுமந்தவர் அல்ல. கூடாரத்தை, பெட்டியை, அந்த அரை டன்னைத் தோளில் வைத்துக் குன்று குன்றாக ஏற்றியவர்கள் நூற்றுக்கணக்கில். புலியிடமும் காய்ச்சலிடமும் போனவர்களும் அவர்களில் உண்டு. வரைபடத்தில் கிராமத்தின் பெயர் எல்லாம் இருக்கிறது. சுமந்தவன் பெயர் இல்லை. லாம்டனின் இருப்பாய்வில் நாலு அங்குலம்தான் உதைத்தது என்றேனே, இந்தச் செலவு எந்தக் கணக்கில் ஏறியது?

"அதான் எட்டு கிலோ" என்றார் பெரியவர். "என் சுமையை நானே தூக்க முடியற வரைக்கும் போவேன். இன்னொருத்தர் தூக்கணும்னா அன்னிக்கு நிறுத்திடுவேன்."

மகனிடம் இதை அப்படியே சொன்னேன். வீட்டில் ஓர் உடன்பாடு வந்திருக்கிறது. தனியாகப் போகக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாத காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, பையில் விசில் ஏறியது அதற்கப்புறம்தானாம். வாரா வாரம் பை ஒரு கிலோ குறையலாம், கூடக் கூடாது. இது அவரே போட்டுக்கொண்ட விதி.

இப்போது பை ஏழு கிலோ. புளியோதரையைப் பேரன் தூக்கிக்கொண்டு போகிறான். "அது சுமையில இல்ல தம்பி, சாப்பாடு" என்கிறார்.