நித்தியகல்யாணி: மையவாடி ஓரத்துப் பூவின் வரலாறு

நம் ஊர் மையவாடிகளின் மதிலோரங்களில், நீர் ஊற்றுவாரின்றியே ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டுமல்லி என்றும் அதற்கு ஒரு பெயருண்டு. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. வெப்ப நாடுகளெங்கும் பரவிய இச்செடியின் இலையைப் பல நாட்டு மக்கள் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் காய்ச்சிக் குடித்து வந்தனர்.

1952ஆம் ஆண்டில், ஜமைக்காவில் அவ்வாறு பயன்பட்ட இலைகள் சில, கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு அஞ்சலில் வந்தன. அவர் அவற்றை வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார். இலைச்சாறு எலிகளுக்குப் புகட்டப்பட்டது, சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி செலுத்தியபோதோ எலிகள் தொற்றுக்கண்டு மடிந்தன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

இலை பயனற்றது என ஆய்வை அத்துடன் மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், அவை கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுநோயை அடக்கக்கூடுமன்றோ? வேதியியலாளர் சார்லஸ் பீருடன் இணைந்து உழைத்து, 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் சேர்மத்தை அவர் உலகுக்கு அறிவித்தார். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் அக்காலத்தில் இதே செடியைத் தனியே ஆராய்ந்து வந்தது. அங்குப் பிரித்தெடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின் 1963இல் அந்நாட்டு அரசின் ஒப்புதலைப் பெற்றது.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய, அதனுள் நுண்ணிய இழைகள் உருவாக வேண்டும். இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாவதைத் தடுக்கின்றன. பிரிய இயலாத அணு அழிகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் மரணத்தின் மறுபெயராக இருந்தது. இன்று வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளோடு சேர்த்து அளிக்கையில், நல்ல மருத்துவ வசதியுள்ள இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றனர்.

இவ்வரலாற்றைக் கேட்டு, இலையைப் பறித்துக் காய்ச்சிக் கொடுத்தால் போதுமே என்று எவரும் எண்ணலாகாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவை. வின்கிரிஸ்டின் ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் தரப்படுவதில்லை; அளவு மீறினால் நரம்புகளைச் சிதைக்கும். அதனையும் இரத்த நாளத்தின் வழியே மட்டுமே செலுத்துவர். வீட்டுக் கஷாயத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நஞ்சு என்பதை அளக்க வழியில்லை. கஷாயத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் வாரங்களில் நோய் காத்திருப்பதுமில்லை.

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் படைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அம்மருந்து இலைக்குள் இருந்தது உண்மை. அதைத் தேடிப் பிரித்து, அளந்து, பிணிதீர்க்கும் பொருளாக்கியது மனிதரின் பொறுமையான உழைப்பு. மருத்துவரின் கையிலிருந்து அதைப் பெறுவது நம்பிக்கைக் குறைவன்று. அந்த அருட்கொடையை அதற்குரிய வழியில் ஏற்பதேயாகும்.