நிலக்கடலைச் சுருள்பூச்சி

நிலக்கடலைச் சுருள்பூச்சி என்பது ஜெலிகியிடே குடும்பத்தைச் சேர்ந்த சிறு அந்துப்பூச்சி. உத்திரமேரூர்ப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் பார்ப்பவருக்கு, கடலையோடு கடலையாக வந்து இறங்கிய பூச்சி என்றே தோன்றும். ஆனால் கடலை வருவதற்கு முன்பே பூச்சி இங்கே இருந்தது என்பதற்கே சான்று வலுவாக இருக்கிறது. கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. மணிலாக்கொட்டை என்பது மல்லாட்டையாகத் திரிந்ததே அது கடல் கடந்து வந்த கதையைச் சொல்லிவிடும். பூச்சியைப் பற்றிய பதிவுகளோ இந்தியா, இலங்கை, மியான்மர், தாய்லாந்து, சீனா, இந்தோனேசியா என்று நீள்கின்றன. பூச்சியியலாளர் டெவென்டர் 1904இல் இதற்கு மாடிசெல்லா என்று இனப்பெயர் இட்டதும் ஜாவாவில் கிடைத்த பூச்சியை வைத்துத்தான்.

அது கடலைக்கு முந்தியது என்பதற்குப் பூச்சியின் வாழ்க்கையும் சாட்சி. தாய்ப்பூச்சி இலையடியில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். மூன்று நான்கு நாளில் பொரியும் புழு நேரே இலைக்குள் புகுந்து, இரண்டு தோலுக்கும் நடுவிலுள்ள பச்சையத்தைத் தின்னும். இலையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் நடுநரம்பை ஒட்டிப் பழுப்புக் கொப்புளமும், உள்ளே கருந்தலைப் புழுவும் தெரியும். வளர்ந்தபின் வெளியே வந்து, இலைகளை நூலால் பிணைத்துச் சுருட்டி, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அப்படியானால் கடலை இல்லாத மாதங்களில் அது எங்கே பிழைக்கிறது? கார்போகரிசி, சோயா, குதிரைமசால் போன்ற பயறினச் செடிகளில்தான். கடலையும் பயறினமே என்பதால் தாவுவது எளிதாயிற்று.

ஆப்பிரிக்காவில் 1998இல்தான், உகாண்டாவில், இது கடலையைத் தாக்கியதாகத் தெரியவந்தது, ஆகவே பயிரைத் தொடர்ந்தே பரவுகிறது என்று மறுக்கலாம். ஆனால் இதே பூச்சியாகக் கருதப்படும் சப்செசிவெல்லா என்ற இனத்தைப் பூச்சியியலாளர் ஜெல்லர் 1852இலேயே தென்னாப்பிரிக்காவிலிருந்து விவரித்துவிட்டார். பூர்வீகம் ஆசியாவா ஆப்பிரிக்காவா என்று வாதாடலாம். எதுவானாலும் கடலையின் தாய்மண் அந்தப் பட்டியலில் வராது. உள்ளூர்ப் பூச்சி என்றால் ஏன் சில ஆண்டுகளில் மட்டும் கொல்லையே தீய்ந்துபோகிறது என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. அதை முடிவு செய்வது வானம். நெடிய வறட்சியில் தலைமுறைமேல் தலைமுறையாகப் பெருகும் புழு, பலத்த மழைக்குப் பின் அதே கொல்லையில் வெகுவாகக் குறைந்துவிடும்.