பாம்பு வந்துவிட்டால் என்ன செய்வது? பினாங்குத் தாமான் மக்கள் அறிய வேண்டியவை

2016 ஏப்ரல் மாதம் பினாங்கு, பாயா தெருபோங்கில் ஒரு கட்டுமானத் தளத்தில், சாய்ந்து கிடந்த மரத்தின் அடியில் பெரிய மலைப்பாம்பு ஒன்று இருப்பதைத் தொழிலாளர்கள் கண்டனர். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து அதைப் பிடித்தனர். நீளம் சுமார் 8 மீட்டர், எடை சுமார் 250 கிலோ என்று அப்போது அறிவிக்கப்பட்டது. செய்தி உலகம் முழுவதும் பரவியது. பிடிபட்ட சில நாள்களில் அந்தப் பாம்பு ஒரு முட்டையிட்டு இறந்துபோனது.

அவ்வளவு பெரிய பாம்பு அரிது. ஆனால் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு பகுதியில் மலைப்பாம்பு வாழ்ந்தது பினாங்குவாசிகளுக்கு ஆச்சரியமான விஷயம் அல்ல. குளியலறை, கார் இயந்திரம், வீட்டுக் கூரை, கால்வாய் என்று எங்காவது பாம்பு பிடிபட்ட செய்தி அடிக்கடி வந்துகொண்டே இருக்கிறது.

மலைக்கும் கடலுக்கும் இடையில்

பினாங்குத் தீவின் நடுவில் 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையும் அதைச் சுற்றிய காடும் இருக்கின்றன. 2021 செப்டம்பர் 15ஆம் தேதி யுனெஸ்கோ இங்கு 12,481 ஹெக்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்குப் பிறகு மலேசியாவில் இந்தத் தகுதி பெற்ற மூன்றாவது இடம் இது. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், பாலிக் பூலாவ், தெலுக் பஹாங் போன்ற ஊர்களில் பல வீடுகளின் பின்சுவரைத் தாண்டினால் மலைச்சரிவுதான்.

அக்கரையில் செபராங் பிறையின் நிலை சற்று வேறு. பத்து காவானில் நேற்று செம்பனைத் தோட்டமாக இருந்த நிலம் இன்று தொழிற்சாலையாகவும் தாமானாகவும் மாறியிருக்கிறது. மரங்களை வெட்டினாலும் அங்கிருந்த பாம்பும் உடும்பும் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. தோட்டத்தில் எலி தின்று வாழ்ந்த பாம்பு, தாமானிலும் எலியைத் தேடித்தான் வருகிறது. சாப்பாட்டுக் கடையின் பின்கால்வாய், மூடாத குப்பைத் தொட்டி, பழைய தட்டுமுட்டுச் சாமான் குவியல் ஆகியவை எலிக்கு வீடு. எலி பெருகிய இடத்தில் பாம்பு தங்கும்.

அடிக்கடி காணப்படும் பாம்புகள்

மலைப்பாம்பு: உலகிலேயே நீளமாக வளரக்கூடிய பாம்பு இனம் இதுதான். நஞ்சு இல்லை, ஆனால் கடித்தால் காயம் ஆழமாக இருக்கும். கால்வாய்களில் வாழப் பழகியது. எலி, கோழி, பூனை ஆகியவற்றைப் பிடிக்கும்.

நாகம்: படமெடுக்கும். இங்குள்ள ஒரு வகை நாகம் நஞ்சைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டுவிரியன்: உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருக்கும். இரவில் நடமாடும். கடித்த இடத்தில் வலி குறைவாக இருக்கலாம். சில மணி நேரம் கழித்து இமை தொங்கி, மூச்சு திணறும். வலி இல்லை என்று வீட்டில் படுத்துவிடுவதே இதில் பெரிய ஆபத்து. பல்லி தின்னும், நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இருக்கும். அதனால் பட்டை உள்ள எந்தப் பாம்பையும் கையால் தொடக் கூடாது.

மலாயா குழிவிரியன்: மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக்' என்பது இதைத்தான். பழுப்பு நிறம், முதுகில் கருமையான முக்கோணங்கள். சருகோடு சருகாகக் கிடக்கும். ஆள் நெருங்கினாலும் நகராது. பினாங்கு, கெடா, பெர்லிஸ் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போனவர்களை அதிகம் கடித்தது இந்தப் பாம்பு.

கோயில் விரியன்: பாயான் லெப்பாஸ், சுங்கை குளுவாங்கில் 1850இல் கட்டப்பட்ட சீனர்களின் பாம்புக் கோயிலில் காணப்படுவது. பெண் பாம்பு கருமை, பச்சை, மஞ்சள் கலந்து பருமனாக இருக்கும். ஆண் மெல்லிய பச்சை. சாம்பிராணிப் புகையால் அது சாதுவாகிவிட்டது என்று சொல்வதுண்டு. பகலில் ஒரே கிளையில் அசையாமல் கிடப்பது அதன் இயல்பு. நஞ்சுள்ள பாம்பு என்பதால் தொடக் கூடாது.

தமிழ்நாட்டுக் காணொளியை நம்பலாமா?

பாம்புக்கடி பற்றித் தமிழில் வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை இந்தியாவைச் சேர்ந்தவை. அங்கே 'பெரிய நான்கு' என்று சொல்லப்படுவன நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் பினாங்கில் இல்லை. இந்திய விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புகளுக்காகத் தயாரிக்கப்படுவது. மலேசிய மருத்துவமனைகள் பெரும்பாலும் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்துகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் நாகத்துக்கு ஒன்று, ராஜநாகத்துக்கு ஒன்று, குழிவிரியனுக்கு ஒன்று எனத் தனித்தனி மருந்துகள் உண்டு. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய முடியும்.

பினாங்கில் நடந்த ஆய்வு

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர் பிரிட்டிஷ் மருத்துவர் அலிஸ்டர் ரீட். கடல்பாம்பு கடித்த மீனவர்களையும் குழிவிரியன் கடித்த தோட்டத் தொழிலாளர்களையும் அவர் ஆண்டுக்கணக்கில் கவனித்துப் பதிவு செய்தார். பாம்பு, நஞ்சு பற்றிய ஆய்வு நிலையத்தையும் பினாங்கில் தொடங்கினார். குழிவிரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது என்பது இங்கே தெளிவானது. அந்த நஞ்சிலிருந்தே இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஒன்று பின்னர் உருவாக்கப்பட்டது.

அவர் கண்ட இன்னொரு உண்மை நம் குடும்பங்களுக்கு மிகவும் முக்கியம். நச்சுப் பாம்பு கடித்தாலும் பெரும் பகுதியினருக்கு நஞ்சு அதிகம் ஏறுவதில்லை. சிலருக்குச் சிறிதும் ஏறுவதில்லை. இவர்கள் எந்த வைத்தியமும் இல்லாமலே பிழைத்துக்கொள்வார்கள். தோட்டங்களில் மந்திரம் ஓதியும் வேர் அரைத்துக் கட்டியும் 'குணமானவர்கள்' பலர் இப்படிப்பட்டவர்களே. உண்மையில் நஞ்சு ஏறியவருக்கு அதே வைத்தியம் செய்தால், இழக்கும் நேரத்தில் உயிர் போகலாம்.

கடித்துவிட்டால்

• பாம்பிடமிருந்து விலகுங்கள். அதைத் துரத்தவோ அடிக்கவோ வேண்டாம். தூரத்தில் நின்று படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம்.

• மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கை கால் வீங்கினால் அவை இறுகும்.

• கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கையையோ காலையோ அசையாதபடி கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

• கயிறு கட்டி இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாம் தீங்கானவை.

• 999ஐ அழைத்து, அவசரப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் பொதுவாக விஷமுறிவு மருந்து இருக்காது.

• வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொல்லும் நேரம் வரை கண்காணிப்பில் இருங்கள்.

ஆலோசனை தேவைப்பட்டால், பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1800-88-8099 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வீட்டுக்குள் பாம்பைக் கண்டால்

பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் வெளியேற்றி, அந்த அறைக் கதவை மூடி, அடியில் உள்ள இடைவெளியைத் துணியால் அடையுங்கள். பிறகு 999ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படைக்கோ தீயணைப்பு மீட்புப் படைக்கோ தகவல் போகும். அவர்கள் வரும் வரை ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று பாம்பு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் தேடும் வேலை குறையும். கம்பு எடுத்து அடிக்கப் போவது கடி வாங்குவதற்கான நேர்வழி.

மலைப்பாம்பு, ராஜநாகம் போன்றவை 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. உரிமம் இல்லாமல் அவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

குரங்கும் உடும்பும்

1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவையும் தண்ணீர்மலைப் பகுதியையும் சுற்றி நீண்ட வால் குரங்குகள் உண்டு. ஒருமுறை வாழைப்பழம் கொடுத்தால், மறுமுறை பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பாய்ந்து பிடுங்கும். உணவு கொடுக்காதீர்கள், கண்ணை உற்றுப் பார்க்காமல், பல்லைக் காட்டாமல் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் இலை தின்னும் குரங்கு. சாலையைக் கடக்கும்போது வாகனங்களில் அடிபட்டு இறப்பதைத் தடுக்க, 2019இல் தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களால் ஆன பாலம் ஒன்று மரங்களுக்கு இடையே கட்டப்பட்டது.

கால்வாய் ஓரம் திரியும் நீர் உடும்பு எலியையும் செத்ததையும் தின்னும். வழிவிட்டால் தானே போய்விடும். மூலையில் மடக்கினால் வாலால் அடிக்கும், கடிக்கும்.

வழிபாடும் பழக்கமும்

புற்றுக்குப் பால் வார்ப்பது நம்மவர் வழக்கம். ஆனால் பால் பாம்பின் உணவு அல்ல. வழிபாடு முடிந்ததும் மீதமான பால், முட்டை, பழம் ஆகியவற்றை அங்கேயே விட்டுவிட்டால் எலியும் குரங்கும் வரும். எடுத்து அப்புறப்படுத்திவிட்டால் கோயிலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் நல்லது.

உப்பு, கந்தகம், பூண்டு தூவினால் பாம்பு வராது என்பதற்குச் சான்று இல்லை. பலன் தருவது வேறு: குப்பைத் தொட்டியை மூடுதல், புல்லை வெட்டுதல், பலகை, ஓடு, டயர் ஆகியவற்றைக் குவிக்காதிருத்தல், கால்வாய்த் துளைக்கும் கதவின் அடிக்கும் வலை அல்லது தடுப்பு போடுதல், சப்பாத்தைத் தட்டிப் பார்த்து அணிதல், இரவில் விளக்கோடு நடத்தல். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. பின்கால்வாய் வரிசை முழுவதற்கும் பொது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து துப்புரவு செய்து, அடைபட்ட கால்வாயை மாநகராட்சி மன்றத்துக்குத் தெரிவித்தால் எலி குறையும். எலியைத் தேடி வரும் பாம்பும் குறையும்.